அம்மா பேசாத நாட்களும் ஓர் ஏத்தன்குலையும்

அப்பாவின் மறதி ஊரறிந்தது. குடை, கண்ணாடி, வேதப்புத்தகம் என்று எதை எங்கே விட்டுவிட்டு வந்தாலும், யாராவது வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அம்மாவை விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு முறைதான்.

கருங்கல் சந்தைக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா இறங்கி ஓரமாக நின்றாள். பெட்ரோல் போட்டு முடிந்ததும் அப்பா கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வழி நெடுக அவளிடம் ரப்பர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாராம். முற்றத்தில் வண்டியை நிறுத்தி, "இறங்கு" என்றார்.

"அம்மை எங்கப்பா?" என்று நான் கேட்ட பிறகுதான் திரும்பினார். திரும்பியவர் காலிச் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் பையும் போனும் வண்டியிலேயே இருந்தன. தெரிந்த ஒருத்தியிடம் பஸ் காசு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். அப்பா வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "விட்டுட்டு வந்தது கிடக்கட்டு. இவ்வளவு தூரமும் பேசிட்டு வந்திருக்கீங்க, ஒரு பதிலும் வரல்லன்னு தெரியல்லியா? அப்பம் நான் பேசினாலும் பேசாட்டாலும் உங்களுக்கு ஒண்ணுதானே?"

அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு வேலை கூடிப்போனது.

"மக்கா, எனக்க குடை எங்கன்னு அம்மைட்ட கேளு."

"பஸ்ஸில விட்டாச்சுன்னு ஒனக்க அப்பாட்ட சொல்லு."

இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் நான் நடுவில் நின்று இதைத் திரும்பச் சொல்ல வேண்டும். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. அம்மா பிறந்த வீடு சிதறாலில். கோபித்துக்கொண்டு அங்கே போய்விட்டால் என்ன செய்வது? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடியில் அம்மாவின் சேலை கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தினமும் ஜெபத்தில், அப்பாவுக்கு ஞாபகசக்தி கொடும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டு ஏத்தன்குலையும் அதில் இருந்தது. கிணற்றடியில் அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த வாழை. சபைக்குப் பணம் போகட்டும், குலை வீட்டுக்கே வரட்டும் என்று பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா விலை கேட்டாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அதற்கு மேல் ஒரு குரல் வந்தது. பார்த்தால் அப்பா!

அம்மா கூட்டினாள். அப்பா அதற்கு மேல் கூட்டினார். ஏலம் விட்டவருக்கு ஒரே குஷி. ஒரு வீட்டிலிருந்தே இரண்டு பேர் கேட்பதைக் கண்டு சபையே சிரித்தது. "நிறுத்தச் சொல்லு ஒனக்க அப்பாட்ட" என்று அம்மா என்னை அனுப்பினாள். ஓடினேன். "ஒண்ணும் கேக்கல்ல மக்கா, ஒரே சத்தம்" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடியும் கையைத் தூக்கி விலையை ஏற்றினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா எழுந்து நின்றாள். "இஞ்ச பாருங்க! அது நம்ம குலையாக்கும்! மண்டையில வெளிவு இல்லியா உங்களுக்கு?"

அப்பா அந்த நொடியே கையை இறக்கினார். "சரி, நீயே எடு" என்றார்.

திரும்பி வரும்போது குலை அப்பாவின் தோளில் இருந்தது. அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். ஊரே சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

"ஏம்ப்பா, நம்ம குலைன்னு மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே, "ஓ, மறந்துல்லா போச்சு" என்றார்.

அம்மா திரும்பவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.