ஒரே நாளில் பிடுங்கிய இரண்டு பற்கள்

போன வாரம் ஒரு பல் க்ளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் ரிசப்ஷன் பெண்ணிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பல்லை எடுப்பதற்கு முன் சர்க்கரை டெஸ்ட் எடுத்து வரச் சொல்லிவிட்டார்களாம். "வலி வாயில இருக்கு. ரத்தத்தை எதுக்கும்மா பார்க்கணும்?"

நியாயமான கேள்விதானே... எங்கள் அக்காவும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம். நான் தர்மபுரியில் ஒரு ஆபீஸில் க்ளார்க். அக்காவின் கணவர் அருளப்பன் மாமாவுக்குக் கடத்தூர் பக்கம் விவசாயம். நாற்பத்தைந்து வயது. ஜுரம் என்று அவர் ஒருநாள் படுத்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. எனக்கும்தான். டவுனில் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருந்தார் — வெளியூர்க்காரர், சின்ன வயசு. "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம் மாமா" என்று அழைத்துப் போனவன் நான்.

ஒரே நாள். ஒரே நாற்காலி. கொதிக்க வைத்த அதே குறடு. முதலில் நான், பிறகு அவர். பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம்.

பத்தாம் நாள் நான் ஆட்டுக்கறி தின்றேன். மாமா?

மூன்று வாரம் கழித்து அக்கா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில், துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு மாமா. பல் இருந்த இடம் குழியாகவே கிடந்தது. சீழ் வாடை. தாடை வீங்கி, வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தார்.

"உனக்கு ஆறிப்போச்சில்ல? அவுருக்கு ஏன்டா ஆறுல? துருப்புடிச்ச குறட்ட வெச்சுப் புடுங்கிட்டான் அந்த ஆளு. வா, கேக்கலாம்."

"எனக்கும் அதே குறடுதான் அக்கா..."

"நீ சும்மா இரு."

இருந்தேன். மாமாவின் பங்காளிகள் இரண்டு பேர் வேறு கூட வந்திருந்தார்கள். அவர்கள் பேச வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை.

க்ளினிக்கில் டாக்டரைப் பார்த்ததும் அக்கா ஆரம்பித்தாள். "வூட்டுல ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கறனுங்க. இவுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பாப்பீங்க?"

பங்காளிகளில் ஒருவர் கதவைச் சாத்தினார். டாக்டர் அடி வாங்கினாலும் பழி எனக்கு. மாமாவுக்கு ஏதாவது ஆனாலும் பழி எனக்கு.

டாக்டர் டார்ச் அடித்து மாமாவின் வாயை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தாகம் அதிகமா எடுக்குதுங்களா?"

"வெயில்ல வேல செய்யறவனுக்குத் தாகம் எடுக்காதுங்களா?" என்றார் மாமா, வாயைத் திறக்காமலே.

"ஒண்ணுக்கு அடிக்கடி போறீங்களா?"

மாமா அக்காவைப் பார்த்தார். "ஒரு வருசமா அப்பிடித்தானுங்க" என்றாள் அக்கா. "அதுக்கும் பல்லுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

டாக்டரே கதவைத் திறந்து, எங்கள் அத்தனை பேரையும் பெரியாஸ்பத்திரி லேபுக்கு அழைத்துப் போனார். விரலில் குத்தி மிஷினில் நம்பர் பார்ப்பதெல்லாம் அப்போது எங்கே? கண்ணாடிக் குழாயில் நீல மருந்து. அதில் சில சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் சூடு. நீலமாகவே இருந்தால் தப்பித்தீர்கள். பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் அதைவிட...

மாமாவுடையது பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளிலும் நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்கு வந்துதான் நின்றது.

"சர்க்கரை இவ்வளவு இருந்தா புண்ணு லேசுல ஆறாதும்மா. சீழும் சுலபமாப் புடிச்சுக்கும்" என்றார் டாக்டர். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஜெயித்த மாதிரிதான். அவர் நிறுத்தவில்லை. "புடுங்கறதுக்கு முன்னாடி நான் இதையெல்லாம் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதாங்க."

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிக்க வந்தவனிடம் தப்பை ஒத்துக்கொண்டால், பாவம், அவன் என்னதான் செய்வான்? அக்கா, "மாதாவே..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாமாவை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தினமும் இன்சுலின், பென்சிலின் ஊசி. பல் டாக்டர் சாயங்காலம் தன் வேலையை முடித்துவிட்டு வந்து, குழியைக் கழுவி, மருந்துத் துணி வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் தவறவில்லை. குழாயின் நிறம் செங்கல்லிலிருந்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் இறங்க இறங்க, தாடை வீக்கமும் வடிந்தது. ஐந்தாவது வாரம் குழி மூடியது.

இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்கு இன்னொரு பல்லையும் அதே டாக்டர்தான் எடுத்தார். இந்தத் தடவை முதலில் டெஸ்ட், அப்புறம்தான் குறடு. சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் எல்லோருக்கும் ஆறுவது போலவே ஆறியது.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த முதல் பல் வலிக்காமலே இருந்திருந்தால்? சத்தமில்லாமல் உள்ளே இருந்த வியாதி, காலிலோ கண்ணிலோ போய் முகத்தைக் காட்டியிருக்கும். ஆனால் நாம் அப்படியா கணக்குப் போடுகிறோம்? கடைசியாகத் தொட்டவன் எவனோ, அவன் தலையில்தான் பழி.

மாமாவின் ஊரும் அப்படித்தான் முடிவு செய்தது. நல்லா இருந்த அருளப்பன் பல் பிடுங்கப் போனார். சர்க்கரை வியாதியோடு திரும்பி வந்தார் — அவர்கள் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

அப்புறம் பல வருஷம் அந்த ஊரில் ஒருத்தரும் பல் பிடுங்கிக்கொள்ளவில்லை... சர்க்கரை வந்துவிடுமாம்!