கதைக்குள் இருந்த அக்கா

பிள்ளைகள், நோபல் பார்க் என்ற புறநகரில் நான் வேலை செய்த பாண் பேக்கரியில் ஒரு ஆப்கான் எழுத்தாளரும் வேலை செய்தார். மெலிந்த மனிதர். மாப்படிந்த மேலங்கிக்குள்ளும் ஷேர்ட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். சாப்பாட்டு நேரத்தில், அச்சுக்குப் போகவிருந்த தன் நாவலை விரித்துவைத்துச் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டேன், "இண்டைக்கு ஆரை வெட்டுறியள்?"

"அக்காவை," என்றார்.

அவருடைய அக்கா காபூலில் தன் வீட்டுக்குள் ஒளித்துப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறா. அதைக் கதையில் எழுதியிருந்தார். வெளியில் தெரிந்தால் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், எடுத்துவிடு என்று அக்கா போனில் அழுதாவாம்.

"பேரை மாத்தினால் காணாதோ?"

"அந்தத் தெருவில அப்பிடி ஒராள்தான் இருக்கிறா."

அடுத்த கிழமை அந்தப் பகுதியைத் திருத்தி முடித்திருந்தார்.

"இப்ப என்ர கதையில அக்கா சமைக்கிறா, வீடு கூட்டுறா, வாய் திறக்கிறதே இல்லை. அங்க ஆளுறவங்களுக்குப் பிடிச்ச பொம்பிளை. நான்தான் அவவை அப்பிடி ஆக்கினனான்."

"அக்கா பத்திரமா இருப்பா தானே," என்றேன்.

"ஓம். ஆனால் அவவுக்குச் சமைக்கவே தெரியாது," என்றார்.

சிரிப்பாரென்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.