அக்காவுக்காகத் தின்ற கடலை மிட்டாய்

தச்சுப் பட்டறையில் அவனை ஊமையன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் பேசாதவன் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவளேதான் பேசினாள். "மாப்பிள்ளை வரலையா?" என்று பெண் வீட்டார் கேட்டபோது அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அவளும் தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரே இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கரகரத்த குரலில் சொன்னாள்: "கடலை மிட்டாய் பண்ணுடா."

"யாருக்கு?"

"உனக்குத்தான். நாற்காலியை அடுப்பங்கரையில போடு. சொல்லச் சொல்லச் செய்."

அவன் கடலையை வறுத்தான். ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினான். பாதி அவன் தலையிலேயே படிந்தது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினான். பாகு பொங்கியது.

"ஒரு சொட்டு தண்ணியில விடு. உருட்டித் தட்டுல போட்டா டங்குன்னு கேக்கணும்."

முதலில் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் காய்ச்சினான், அப்போது கேட்டது. அவள்தான் முதலில் தலையாட்டினாள். கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் பரப்பினான். சூடு தணிவதற்குள் அளவுகோலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தான்.

"ஜன்னலாடா செய்யுற? சும்மா வெட்டு!"

சிரிக்கப் போய் அவளுக்கு இருமல் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

ஆறியதும் ஒரு துண்டை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினான். ஆழமாக மூச்சிழுத்தாள். "இப்ப நீ தின்னு."

"அக்கா, வேணாம்க்கா."

"தின்னுடா. என் எதிர்லயே தின்னு."

அவன் கடித்தான். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு? நல்லா இருக்குன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடாத. சொல்லு."

அவன் திணறினான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான். முதலில் நெய் வாசனை வருகிறது என்றான். வெல்லம் பல்லில் ஒட்டுகிறது, மெல்ல மெல்லக் கரைகிறது என்றான். ஒரு கடலை கருகிவிட்டது, அது கசக்கிறது, ஆனாலும் அந்தக் கசப்புக்குப் பிறகு இனிப்பு கூடுதலாகத் தெரிகிறது என்றான். வாழ்நாளில் அவன் அவ்வளவு பேசியதில்லை. அவள் எச்சில் விழுங்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும்டா. வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றாள்.

அவள் தூங்கிய பிறகு பாகு இறுகிய சட்டியைத் தேய்க்கப் போனான். தேய்த்துக்கொண்டே இருந்தான். சட்டி சுத்தமான பிறகும் தண்ணீர்க் குழாயை மூடவில்லை. அழுகைச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாதே.

அந்த மாதம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். எல்லாம் முடிந்த மறுநாளே அவன் பட்டறைக்கு வந்து மரம் இழைக்க இழைப்புளியை எடுத்தான்.

"ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வாயேன்பா," என்றார் மேஸ்திரி.

"வீட்ல யாருங்க இருக்கா?" என்றான் அவன்.