கழுவி வைத்த ஆயில் கேன்

போன ஐப்பசி மழையின்போது நடந்தது இது. பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகும் தெருவில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

ஷெட்டை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்பார்கள். மலை, காடு என்று ஓட்டுகிற ஜீப்புகள்தான் அவரிடம் அதிகம் வரும். ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஓர் இரும்புப் பெட்டி இருக்கும், உள்ளே பல்சக்கரங்கள். அதற்குப் பெயர் கிரவுன். அதில் ஊற்றுகிற ஆயில் புதிதில் தேன் மாதிரி இருக்கும்.

ஆயிலை ஊற்றுவதற்கென்று பாய் ஒரு கேன் வைத்திருந்தார். மேலெல்லாம் பிசுக்கும் மண்ணும். ஒரு நாள் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் எண்ணெய்த் தூக்கைக் கழுவுகிற மாதிரி சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, குலுக்கிக் கொட்டினேன். வாய் குறுகலான கேன், கைப்பிடியும் உள்ளே வெற்றுக் குழல். காயக்கூட விடாமல் மூடி போட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பளிச்சென்று இருந்தது. இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பெருங்களத்தூரிலிருந்து டிரைவர் ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். பாய் அந்தக் கேனில் ஆயிலைப் பிடித்து கிரவுனில் ஊற்றி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஜீப்பின் சொந்தக்காரரும் அந்த டிரைவரும் சேர்ந்து வந்தார்கள். பின்னால் ஏதோ வெள்ளையாகக் கசிகிறதாம். பாய் படுத்து அடிமூடியைக் கழற்றினார். தட்டில் விழுந்தது ஆயில் மாதிரியே இல்லை. பால் அதிகம் விட்ட காபி மாதிரி, நுரையோடு.

"தண்ணி பூந்துகீது சார். முழங்கால் தண்ணில வண்டி நின்னாத்தான் இப்டி ஆவும்," என்றார் பாய்.

சொந்தக்காரர் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏரி ரொம்பி ரோட்டுல ஓடுது, அந்தப் பக்கம் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தியமா போகல சார். ஜிஎஸ்டி மெயின் ரோட்டுலயேதான் சார் வந்தேன்."

"அப்ப தண்ணி தானா நடந்து வந்து உள்ள பூந்துதா? ஆறு வருஷம் கூட இருந்துட்டு பொய் வேற. நாளையிலேருந்து வராதே."

தண்ணி என்று பாய் சொன்னபோதே எனக்குக் கேன் ஞாபகம் வந்துவிட்டது. துடைப்பத்தை வைத்துக்கொண்டு பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஸ்பானர் மேஜைமேல் வைத்தார்.

"பாய், அந்தக் கேனை நான் கழுவினேன்," என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற? கழுவுனியா? எதைப் போட்டு?"

"சோப்புத்தூள்."

"அய்யோ, அது இன்னா பிரியாணி அண்டாவா?" என்று எழுந்து போய்க் கேனை எடுத்தார். தலைகீழாகப் பிடித்து கைப்பிடியை ஓங்கித் தட்டினார். குழலுக்குள்ளிருந்து அதே வெள்ளைக் கசடு சொட்டியது.

பாய் கேனைக் கீழே வைத்தார். "சார், அவர் மேல தப்பு இல்ல. உள்ள பாக்காம ஊத்துனவன் நான்தான்," என்றார்.

சொந்தக்காரர் சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டிரைவர் உடனே வாங்கவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் வாங்கினார். பாய் புது ஆயில் ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு வடித்தார். இரண்டு தடவை அப்படிச் செய்தபிறகுதான் தேன் நிறம் திரும்பியது. பல்சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போது டிரைவர் என்னைப் பார்த்து, "வரேம்மா," என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கேன்மேல் இப்போது சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. கழுவாதே என்று எனக்காகப் போட்டது. வருகிறவர்களிடமெல்லாம் பாய், இந்தம்மா தைரியமாக ஒத்துக்கொண்டது என்று சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அந்த மனிதர் சாவியைக் கீழே வைக்கிறவரைக்கும் ஒரே இடத்தை எத்தனை தடவை பெருக்கினேன் என்பது எனக்குத்தானே தெரியும்.