ஊசி ஏறியிருந்தபோது சொன்ன சம்மதம்

முதலில் இறுகியது மெட்டிதான். கொள்ளேகால் பால் சொசைட்டியில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே பால் அளக்கிறவள் நான். கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் முகமும் வீங்கியது. "கண்ணாடியில பாத்தியா செல்வி? பூசணிக்காயாட்ட இருக்கற," என்றார் என் வீட்டுக்காரர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கே என்னை மைசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று பொருள்) மிக அதிகமாக இருந்தது. இளம் மருத்துவர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இனி டயாலிசிஸ்தான் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடலுக்குள் விடும் சிகிச்சை). எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும் அம்மா," என்றார். கிடைக்காவிட்டால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன்.

உங்களுக்கும் இதே வியாதி என்றால் ஒன்று சொல்கிறேன். ஊசிக்குப் பழகிவிடுவீர்கள். தாகத்துக்குக் கடைசிவரை பழக மாட்டீர்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடிப்பது பெரிய கொடுமை. இன்னொன்றும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். யார் என்ன கேட்டாலும் தலையாட்டுகிற புத்தி. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு வாரம் மூன்று நாள், காலை பதினொரு மணிக்கு முறை. வீட்டில் சமைத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினால் சரியாகப் போய்விடலாம். பக்கத்துக் கட்டிலில் மாதப்பா, குண்டலுபேட்டையில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய கன்னடமும், தமிழும் கன்னடமும் கலந்த என்னுடைய பேச்சுமாக நான்கு மணி நேரம் ஓடிவிடும்.

ஒரு நாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் ஒரு தாளுடன் வந்தாள். என் இடது கையில் இரண்டு ஊசி. வலது கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. "வெளியூர்க்காரங்க சீக்கிரம் வீடு போய்ச் சேரட்டும்னு உங்க முறையைக் காலையில முதலாவதா மாத்தப் போறாங்க அம்மா. சம்மதம்தானே?" என்றாள். எத்தனை மணி என்றுகூட நான் கேட்கவில்லை. "நீங்க பார்த்துச் செஞ்சா சரி சிஸ்டர்," என்றேன். 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அவளே போட்டுக்கொண்டாள். பட்டையைத் தளர்த்தி என் விரல்களுக்கிடையே பேனாவை வைத்தாள். மாதப்பாவும் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

பாலில் தண்ணீர் கலந்தவனை முகத்துக்கு நேரே கேட்டுப் பழகிய வாய் இது. அன்றைக்கு ஏன் திறக்கவில்லை? நாளை மறுநாளும் எனக்கு ஊசி ஏற்றப் போகிறவள் அவள்தானே. அவள் நல்ல பெண், கேட்டால் கோபிக்கவும் மாட்டாள். ஆனாலும் அந்த வார்டில் யாரும் அவளுக்கு 'இல்லை' என்று பதில் சொன்னதே கிடையாது. குறைகளை எழுதும் தாளிலும் எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் போட்டிருந்தோம்.

புது நேரம் காலை ஆறு மணி. கொள்ளேகாலில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மைசூர் வந்து சேர ஏழரை ஆகிவிடும். முதல் நாள் நான் மூச்சு வாங்க ஓடிப் போனபோது என் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். காத்திருந்து இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. மறுநாள் நாலு படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மாதப்பாவுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தவறிப்போனது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகமூடி போட்டுப் படுத்திருந்த மனிதர் என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி மேல் பாதி, என் மேல் பாதி.

குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்பார்கள். நான் குனிந்துகொண்டே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் பொதுமக்கள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருப்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. மக்கள் சார்பில் அதில் இருந்தவர் மைசூர் அக்ரஹாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். டயாலிசிஸ் வார்டுக்குள் அவர் வந்ததே இல்லை. கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு கிளம்பினேன். "பகைச்சுக்கிட்டா அப்புறம் மிசினு குடுப்பாங்களா?" என்றார் வீட்டுக்காரர். "இப்ப மட்டும் குடுக்கறாங்களாக்கும்," என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

கூட்டத்தில் தலைமை மருத்துவர் என்னை உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தச் சம்மதத் தாளைத் தேடி எடுத்துக் காட்டினார். "நீங்க எல்லாருமே சம்மதம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே அம்மா."

"கையெழுத்து என்னுதுதானுங்க. அதைப் போடும்போது என் ரத்தம் உங்க மிசின்ல சுத்திட்டிருந்துச்சு. அந்த நேரத்துல என் புருஷனை வித்துடலாமான்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப ரத்தம் பூரா எங்கிட்ட இருக்குது. எனக்குச் சம்மதம் இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. "உங்க நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் செஞ்சோம்," என்றார்.

"நல்லதுதானுங்க. மொத பஸ் எத்தனை மணிக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

பாத்திரக்கடைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் கேக்கலம்மா. நானும்தான்," என்றார்.

"சரி, எப்படிக் கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார் மருத்துவர். அதற்கு நான் தயாராகப் போகவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஊசி போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வார்டுக்கு வெளியே, பெஞ்சில் வைத்துக் கேட்க வேண்டும். எழுதுகிறவர் நோயாளிகளில் ஒருவராக இருக்க வேண்டும்.

அந்த வேலை என் தலையிலேயே விழுந்தது. இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் எல்லாரும் பழக்கதோஷத்தில், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்றார்கள். சிஸ்டர் இங்கே இல்லை, உள்ளதைச் சொல்லுங்கள் என்றதும் கொட்டித் தீர்த்தார்கள். குளிர், கிழிந்த மெத்தை, மூடியே கிடக்கும் கழிவறை. நேரத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் வேடிக்கை: மைசூருக்குள்ளேயே இருக்கிற பலர், முடித்துவிட்டு வேலைக்குப் போக வசதியாகக் காலை ஆறு மணி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கழிவறையும் திறந்தது. மெத்தைக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது குழுவில் நோயாளிகளுக்கு இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் நான். இன்னொன்றில் இளைத்துத் திரும்பி வந்த மாதப்பா.

நான் குணமாகவில்லை. இந்த வியாதி அப்படிப்பட்டது. என் உடம்பின் வேலையில் ஒரு பங்கை மைசூரில் ஓர் இயந்திரம் செய்கிறது. அந்த அளவுக்கு அந்த ஆஸ்பத்திரியும் என் உடம்புதான், அங்கே எது கெட்டாலும் எனக்கு வலிக்கும். வருடக் கணக்கில் யோசிப்பதை விட்டுவிட்டேன். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்குக் காலம். இன்னும் எத்தனை முறை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாளை மறுநாள் பதினொரு மணி என்னுடையது. அதை நகர்த்த வேண்டுமென்றால், நான் எழுந்து உட்கார்ந்திருக்கும்போது வந்து என்னைக் கேட்க வேண்டும்.