உப்புப் பாத்தியில் காய்ந்த கொக்கோ தோல்

ஐப்பசி மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை இல்லை. அப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவார். தை பிறந்துதான் வருவார். அவர் பையை எடுத்தாலே எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓடிக்கொண்டே இருப்பேன்.

நான் நாலாவது படித்த வருஷம், அவரைப் போகவிடாமல் செய்ய அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அம்மாவுக்குக் குயிலாப்பாளையம் பக்கம் சாக்லேட் பட்டறையில் வேலை. கொக்கோ கொட்டையை வறுத்து உடைத்தால் மேல்தோல் மெல்லிசாகக் கழன்று வரும். பருப்பு சாக்லேட்டுக்கு. தோல் குப்பைக்கு. பின்பக்கம் குவிந்து கிடந்து, நனைந்து பூசணம் பிடிக்கும். பக்கத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தவர் அம்மாவிடம் சொன்னாராம்.

"நல்லா காயவச்சுக் குடும்மா. செடி அடியில போட்டா ஈரம் நிக்கும், எருவாவும் ஆவும். செடிக்கு ஒத்துக்கிச்சின்னா மாசாமாசம் நானே எடுத்துக்கிறேன்."

மாசாமாசம் என்றால் அப்பாவும் வீட்டோடு இருந்து அந்த வேலையைப் பார்க்கலாம்.

"மழையில எங்கடி காயவைப்ப?" என்றார் அப்பா.

"மொதல்ல அவரு சரின்னு சொல்லட்டும். தகரம் போட்டுக்கலாம்."

அம்மா ஈரத்தோலை மூட்டை மூட்டையாக பஸ்ஸில் கொண்டு வந்தாள். "ஏம்மா, மூட்டையில இன்னா? பஸ்ஸே மணக்குது" என்று கண்டக்டர் கேட்டாராம். "குப்பைங்க" என்றாளாம்.

எங்கள் வாசல் மணல். தோலோடு ஒட்டும். அப்பா யாரிடமும் எதுவும் கேட்காதவர். போய் உப்பள மொதலாளியிடம் ஒரு பாத்தி கேட்டார். "இன்னாப்பா, ஒப்பளத்துல சாக்லேட்டு போடப் போறியா?" என்று சிரித்துவிட்டுக் கொடுத்தார் அவர்.

அப்பா அந்தப் பாத்தியின் தண்ணீரை வடித்தார். நல்ல தண்ணீர் தூக்கி வந்து இரண்டு தரம் கழுவினார். அவரே காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. சிமெண்டு தோற்றுப்போகும். இதைவிட நல்ல களம் எங்கள் ஊரில் கிடையாது. அதில் தோலைப் பரப்பினார்.

மூன்று நாள் வெயில். ஆடு வராமல் பார்ப்பது என் வேலை. நான் உட்காரவே இல்லை. வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்பா போகமாட்டார், போகமாட்டார் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தரம் சொல்லிக்கொண்டேன். வாசனைக்கு ஆசைப்பட்டு ஒரு தோலை வாயில் போட்டேன். கசந்தது. பிறகு கரித்தது. அங்கே எல்லாமே கரிக்கும். அப்பா சட்டை, என் கை, காற்றுகூட. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தோல் பண்ணைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை அம்மா என்னையும் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். வரிசையாகக் கன்றுகள். இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தது. பண்ணைக்காரர் அடியில் கிடந்த தோலில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார்.

"எங்கம்மா காயவச்ச?"

"வாசல்லதாங்க. உப்புத்தண்ணியில அலசிட்டேங்க. என் தப்புதாங்க."

"இல்லம்மா, பாத்தியில..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையை அழுத்திக் கிள்ளினாள்.

"விடும்மா, இனிமே வேணாம்" என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை. கருகிய கன்றுகளை ஒவ்வொன்றாக ஓரமாக எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "இன்னா சொன்னாரு?"

"அவருக்கு வேற எடத்துல கெடைக்குதாம்."

பாத்தியில் காய்ந்த தோல் வீட்டு மூலையில் அரை மூட்டை மீதி இருந்தது. அப்பா அதில் ஒரு தோலை எடுத்து வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார். துப்பவில்லை. அப்புறம் பரண்மேல் இருந்த பையை இறக்கினார். நான் ரோட்டுக்கு ஓடினேன். திரும்பி ஓடி வந்தேன். பை பாதி நிறைந்திருந்தது.

மறுநாள் விடிகாலை பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர், அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த வாட்டி மூங்கில் தட்டியில காயவை. தரையில வேணாம்."

"ம்" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதையே நானும் பிடித்துக்கொண்டு, பண்ணைக்காரர்தான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறாரே, அப்புறம் யாருக்குக் காயவைப்பது என்று கேட்டேன். பஸ் கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடினேன்.