ஆறாம் கிழமை

தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சி மருத்துவராக இருந்தேன். அளவெட்டியிலிருந்து ஓர் இளம் தாய், மேலுதடும் அண்ணமும் பிளந்த தன் குழந்தையோடு வந்தாள். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று வீட்டில் பழி சொன்னார்களாம்.

"அது பிழை, தங்கச்சி" என்றேன். கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து நகர்ந்துவரும் நுண்ணிய உயிர்க்கலங்கள்தான் முகமாகின்றன. பரம்பரையலகுகளான மரபணுக்கள் ஏவும் வேளையில் அவை வந்து பொருந்த வேண்டும். படித்த பெருமையோடு படம் கீறிக் காட்டினேன்.

"எப்ப டொக்டர் அது பொருந்திறது?"

"ஆறாம் கிழமை மட்டிலை."

அவள் விரல்விட்டு வாரங்களை எண்ணினாள்.

"அந்தக் கிழமைதான் ஷெல்லடி. பங்கருக்கு விழுந்தெழும்பி ஓடினனான். அதாலையோ?"

வாசலில் சனம் நெரிந்தது. "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். எந்தப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை.

அடுத்த மாதம் அவள் கணவர் மட்டும் வந்தார். பால் புரைக்கேறிக் குழந்தை இறந்துவிட்டதாம்.

"தான் ஓடினதாலைதான் பிள்ளை செத்துப்போட்டுது எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறாள், டொக்டர். சாப்பிடுறாளில்லை."

அன்றே சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "நீங்கள் ஓடினதாலை இல்லை, தங்கச்சி. நான் தெரியாமல் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "என்ரை மனம் ஆறவேணும் எண்டு சொல்லுறியள்" என்றாள். எவ்வளவு மன்றாடியும் அவள் நம்பவில்லை.

இப்போதும் தாய்மார் காரணம் கேட்கிறார்கள். தெரியாதபோது தெரியாது என்றே சொல்கிறேன். அவளுக்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம்.